இரண்டு ஹார்ட் டிஸ்க் அடங்கும் சிறிய கேஸ்: ஆலோசனை தேவை

வணக்கம். சிங்கப்பூரின் உட்லண்ட்ஸில் உள்ள எங்கள் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில், குடும்பப் படங்களைச் சேமித்து வைப்பதற்காக, இரவும் பகலும் ஓடக்கூடிய சிறிய கணினி ஒன்றை மூன்று வாரங்களுக்கு முன் நானே பாகங்களைச் சேர்த்து அமைத்தேன்; அதற்கேற்ற கேஸ்தான் (பாகங்களை அடக்கும் பெட்டி) இன்னும் அமையவில்லை.

மதர்போர்டு, 170 மில்லிமீட்டர் சதுரமுள்ள மினி ஐடிஎக்ஸ் என்ற சிறிய அளவு வகை. அதிலேயே பதிந்துள்ள இன்டெல் என்100 ப்ராசசர் 6 வாட் வகை என்பதால் அதற்கு விசிறியே தேவைப்படவில்லை. சூடாவது இரண்டு 3.5 அங்குல ஹார்ட் டிஸ்க்குகள்தான். இப்போதைய கேஸில் அவை ஒன்றன்மேல் ஒன்றாக, இடையில் விரல்கூட நுழையாதபடி நெருங்கியிருப்பதால், பிற்பகலில் மேலே உள்ளது 54 டிகிரியைத் தொடுகிறது.

பக்கவாட்டுத் தகட்டைக் கழற்றிப் பார்த்தேன். 45க்கு இறங்கியது, ஆனால் இரண்டே நாளில் பல்லி ஒன்று உள்ளே குடியேறிவிட்டது. 40 மில்லிமீட்டர் விசிறி பொருத்தினேன். கூடத்தில் படுக்கும் அம்மாவுக்கு அதன் கீச்சொலியால் உறக்கமில்லை. கணினிக் கடைகள் நிறைந்த சிம் லிம் ஸ்கொயரில் நான் பார்த்த கேஸ்கள் பெரும்பாலும் கிராபிக்ஸ் கார்டுக்கென நீளமாகச் செய்யப்பட்டவை. வைக்கும் இடம் செருப்பு அலமாரியின் மேல்தட்டு. ஆழம் 28 சென்டிமீட்டர். 120 வெள்ளி வரை செலவிடலாம்.

இந்த ஆழத்துக்குள் அடங்கி, 120 மில்லிமீட்டர் விசிறி ஒன்று மெதுவாகச் சுழன்று இரு டிஸ்க்குகளின் மீதும் நேராகக் காற்று வீசும்படி அமைந்த கேஸ் எது?