தரங்கம்பாடிக்கு ஒரு மதியம் போதுமா?

குடந்தைப்பெண்:
அடுத்த மாதம் திருக்கடையூரில் அப்பாவுக்கு அறுபதாம் கல்யாணம், நாள் வெள்ளிக்கிழமை. ஹோமம், அபிஷேகமெல்லாம் காலையிலேயே முடிந்துவிடும். சாப்பிட்டுவிட்டு எல்லோருமாகத் தரங்கம்பாடி போகலாம் என்று நினைக்கிறோம். டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டையைத் தவிர வேறு என்ன பார்க்கலாம்? அம்மாவுக்கு முட்டி வலி, ரொம்ப நடக்க முடியாது.

பொறையார்க்காரன்:
வெள்ளிக்கிழமை கோட்டை அருங்காட்சியகத்துக்கு விடுமுறைங்க. முடிந்தால் அன்று ராத்திரி தங்கிவிட்டு சனிக்கிழமை காலையில் வாருங்கள், மதிய வெயிலும் மிச்சம். 1792-ல் கட்டிய நுழைவாயிலைத் தாண்டினால் ராஜ வீதி நேரே கடல் வரைக்கும் போகும், 1701-ல் கட்டிய சீயோன் ஆலயம், 1718-ல் கட்டிய புது எருசலேம் ஆலயம் இரண்டும் அதே தெருவில்தான். அம்மாவைக் காரிலேயே கோட்டைத் திடல் வரை கூட்டிப்போய்விடலாம். மற்றவர்கள் தயவுசெய்து நடந்தே போங்கள், அந்தத் தெருவின் அழகு காரில் போனால் கண்ணில் படாது.

மாயவரம் வாத்தியார்:
புது எருசலேம் ஆலயத்துக்குள் கட்டாயம் போய்ப் பாருங்கள். 1706-ல் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்குவின் கல்லறை அங்கேதான் இருக்கிறது. வந்தவர் தமிழ் படித்து, அச்சுக்கூடம் வைத்து, புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சடித்தார், 1715-ல் அந்த வேலை முடிந்தது. இன்று நாம் தமிழில் அச்சிட்டுப் படிக்கும் எதற்கும் இந்த ஊரோடு ஒரு தொடர்பு உண்டு, குழந்தைகள் வந்தால் இதை அங்கேயே நிற்கவைத்துச் சொல்லுங்கள்.

கடலோரத்தான்:
டேனிஷ்காரர்களைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள், அதுதான் எனக்கு வருத்தம். தஞ்சாவூர் மன்னர் ரகுநாத நாயக்கரிடம் அனுமதி வாங்கி அவர்கள் கோட்டை கட்டியது 1620-ல். இதே ஊரின் மாசிலாமணிநாதர் சிவன் கோயில் அதற்கு முன்னூறு வருஷத்துக்கும் மேல் மூத்தது, மாறவர்மன் குலசேகர பாண்டியன் காலத்தது. கல்வெட்டில் ஊர்ப்பெயர் சடங்கன்பாடி. முன்பக்கத்தைக் கடல் கொண்டுபோய்விட்டது, மிச்சம் இருப்பதையாவது நம் ஜனங்கள் வந்து பார்க்க வேண்டும். கோட்டைக்குப் பக்கத்திலேயே கடலோரம்தான், ஆனால் கரையில் பாறாங்கற்கள் கொட்டியிருக்கிறார்கள், அம்மாவை அந்தப் பக்கம் இறக்கிவிடாதீர்கள்.

குடந்தைப்பெண்:
ரொம்ப நன்றி அண்ணா, எல்லோருக்கும்தான். சனிக்கிழமை காலை என்றே வைத்துக்கொள்கிறோம். திருக்கடையூரில் கல்யாணக் கூட்டத்தில் ரூம் கிடைக்குமா, இல்லை காரைக்காலில் தேட வேண்டுமா?

பொறையார்க்காரன்:
முகூர்த்த நாளென்றால் திருக்கடையூரில் கஷ்டம், இப்போதே சொல்லிவையுங்கள். கிடைக்காவிட்டால் காரைக்கால்.