வி.ஆர். ஹெட்செட்டில் பழகிவிட்டு நிஜ விமானத்தில் உட்கார்ந்தபோது

எனக்கு ஊர் பாம்பன். வீட்டில் நாட்டுப்படகு. உச்சிப்புளியில் கடற்படையின் ஐ.என்.எஸ். பருந்து விமானத்தளம் 2009இல் வந்தபோது எனக்குப் பத்து வயது. தலைக்கு மேல் சத்தம் கேட்டால் போதும், சோற்றுத் தட்டோடு வாசலுக்கு ஓடுவேன். இப்போது வெளிமாவட்டத்தில் செஸ்னா 172 என்ற சிறிய பயிற்சி விமானம் ஓட்டப் பழகுகிறேன். வணிக விமானி உரிமத்துக்கு 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். அதில் ஒரு மணி நேரத்துக்கு அப்பா எத்தனை நாள் கடலுக்குப் போக வேண்டும் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் நண்பனிடம் பழைய வி.ஆர். ஹெட்செட் ஒன்றை வாங்கினேன். கண்ணில் மாட்டினால் விமானி இருக்கையிலேயே இருப்பதுபோல் காட்டும். வீட்டில் பழகுவது, பறந்த நேரத்தைப் பதியும் லாக் புக்கில் ஒரு நிமிடம்கூட ஏறாது. ஆனாலும் பலன் உண்டா என்று பலர் கேட்கிறார்கள். என் அனுபவம் இது.

முதல் நாளே வாந்தி. கடலில் ஒருநாளும் எடுக்காதவன் நான். படகில் உடம்பு ஆடும், கண் நிலையாக இருக்கும். ஹெட்செட்டில் கண் ஆடுகிறது, உடம்பு நாற்காலியில் சும்மா இருக்கிறது. இரண்டும் ஒத்துப்போகாததுதான் காரணம். அப்பா ஒருமுறை மாட்டிப் பார்த்தார். "அலை ஆட்டுனா தூரத்துக் கரையைப் பாருன்னு சொல்லுவேன். இதுல கரையே ஆடுதேடா" என்று கழற்றிக் கொடுத்துவிட்டார். பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று கூட்டிக்கொண்டே போனதில் எனக்கு ஒரு வாரத்தில் சரியானது.

அப்புறம் கிடைத்த பலன் பெரியது. ஓடுபாதையைச் சுற்றி வந்து இறங்கும் வரிசையை விடுமுறையில் நாற்பது தடவையாவது ஓட்டியிருப்பேன். எங்கே பவரைக் குறைப்பது, எப்போது பிளாப் (வேகம் குறைந்தாலும் மிதக்க உதவும் இறக்கை மடல்) இறக்குவது, ரேடியோவில் என்ன சொல்வது எல்லாம் நாக்கில் நின்றன. திரும்பிப் போனதும் ஆசிரியர் கவனித்துவிட்டார். முன்பு யோசித்து யோசித்துச் செய்ததை இப்போது கை தானாகச் செய்கிறது என்றார்.

தரைக்கு அருகில் வந்ததும்தான் சிக்கல். கடைசி நேரத்தில் மூக்கைத் தூக்கி மிதக்கவிட வேண்டும் இல்லையா, அப்போது ஓடுபாதையின் தூரத்து முனையைப் பார்க்கச் சொல்வார்கள். உயரத்தைக் காட்டிக்கொடுப்பது நேர்ப்பார்வை அல்ல. இரண்டு பக்கமும் தரை மேலேறி வருவதைக் கடைக்கண் உணர்வதுதான். நம் கண் பக்கவாட்டில் கிட்டத்தட்ட 200 டிகிரி பார்க்கும். என் ஹெட்செட்டில் அதில் பாதிதான். அதனால் உயரத்தைத் தவறாகக் கணித்தே பழகியிருக்கிறேன். நிஜத்தில் முதல் மூன்று இறக்கமும் தொப்பென்று விழுந்தன.

கண்ணும் கருவிகளிலேயே ஒட்டிக்கொண்டது. ஆசிரியர் தன் தொப்பியால் வேகமானியை மூடிவிட்டு, "வெளியே பாருப்பா" என்றார். பிளாப் இறக்கக் கையை நீட்டினால், ஹெட்செட் பழக்கத்தில், அங்கே இல்லாத பொத்தானை விரல் அழுத்தியது. பக்கக்காற்றை 12 நாட் (மணிக்குச் சுமார் 22 கி.மீ.) வைத்து எத்தனையோ முறை பழகியிருந்தேன், ஆனால் படத்தில் விமானம் விலகுவதை மட்டும்தான் பார்த்திருந்தேன். நிஜத்தில் வேகம் குறையக் குறைய, விமானத்தைத் திருப்பும் கைப்பிடியான யோக் கையில் தளர்ந்துபோகிறது. இஞ்சினைக் குறைத்ததும் படகின் சுக்கான் பிடிமானம் இழக்குமே, அதே உணர்வு. அதை எனக்கு எந்த ஹெட்செட்டும் சொல்லித் தரவில்லை. அப்பாவின் படகு சொல்லித் தந்திருந்தது, நான்தான் மறந்திருந்தேன்.

*

தம்பி, நான் கீழக்கரை. நானும் பயிற்சியில்தான் இருக்கிறேன். காற்று ஓய்ந்த நாட்களில் நம் கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடக்கும்போது கடலும் வானமும் எங்கே சேர்கின்றன என்றே தெரியாது, பார்த்திருப்பாய். ஹெட்செட்டில் அந்த மாதிரி மூட்டத்தை வைத்து, கருவியை மட்டும் பார்த்து நேராகப் பறக்கப் பழகினேன். நன்றாகவே வந்தது.

நிஜத்தில் ஆசிரியரோடு போனபோது மூட்டத்துக்குள் விமானம் மெல்ல இடப்பக்கம் சாய்ந்திருக்கிறது, எனக்குத் தெரியவில்லை. நொடிக்குச் சுமார் இரண்டு டிகிரிக்கும் குறைவாகச் சாய்ந்தால், சமநிலையை உணரும் உட்காதுக்கு அது உறைக்காது. கருவியைப் பார்த்து நேராக்கியதும், வலப்பக்கம் சாய்ந்துவிட்டதாக உடம்பு அடித்துச் சொன்னது. தோளை இடப்பக்கம் சாய்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். கருவியை நம்பு என்று படித்தது வேறு, உடம்பு பொய் சொல்லும்போது நம்புவது வேறு. வீட்டு ஹெட்செட்டில் காது பொய் சொல்லாது, அதனால் அந்தச் சண்டையே வராது.

ஆனால் எல்லா வி.ஆர். கருவியும் ஒன்றல்ல. ஐரோப்பிய விமானப் பாதுகாப்பு முகமை 2021 ஏப்ரலில் முதன்முதலாக ஒரு வி.ஆர். பயிற்சிக் கருவிக்கு ஒப்புதல் கொடுத்தது. சுவிட்சர்லாந்து நிறுவனம் ஒன்று ராபின்சன் ஆர்22 ஹெலிகாப்டருக்காகச் செய்தது. அதில் அசையும் மேடை உண்டு, கையில் தொடும் நெம்புகோல்களும் நிஜமானவை. வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து பழகுவதை அதோடு ஒப்பிட முடியாது.

*

அக்கா, தோள் சாய்ந்தது எனக்கும் நடந்திருக்கிறது. வெளியே சொல்ல வெட்கப்பட்டுக்கொண்டு இருந்தேன். நான் இப்போது ஹெட்செட்டை வரிசை பழக மட்டும் வைத்திருக்கிறேன், இறங்கும்போது ஓடுபாதைக்குச் சற்று மேலேயே நிறுத்திவிடுகிறேன். செஸ்னாவின் முகப்புப் பலகையை அசல் அளவில் அச்சடித்து அடுப்படிச் சுவரில் ஒட்டியிருக்கிறேன். கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு சுவிட்சாகத் தொடுவேன். தப்பாகத் தொட்டால் அம்மா சொல்லிவிடுவார், அவருக்கே மனப்பாடமாகிவிட்டது.