பழைய பைடார்ச் கோப்பிலிருந்து எடைகளை (மாடல் கற்ற எண்களை) மட்டும் எடுக்க வழி உண்டா?

வணக்கம். சிங்கப்பூர் துவாஸ் கிடங்கு ஒன்றில் பெட்டிகளை எண்ணும் கேமரா மாடல், பைடார்ச் (இயந்திரக் கற்றல் நூலகம்) 2.6க்கு மாறியதும் திறக்க மறுக்கிறது. காரணம் தெரியும். அந்தப் பதிப்பிலிருந்து கோப்பைத் திறக்கும் டார்ச்.லோடில், எடைகளை மட்டும் ஏற்கும் வெயிட்ஸ்_ஒன்லி தானாகவே ட்ரூ; இந்தக் கோப்போ வெறும் எடைகளின் பட்டியலான ஸ்டேட்_டிக்ட் அல்ல, முழு மாடலும் பிக்கிளாக (பைத்தான் பொருளைக் கோப்பாக்கும் முறை) இருக்கிறது. செய்து கொடுத்த நிறுவனம் மூடிவிட்டது, பேக்கேஜ் மட்டும் மிச்சம். உபுண்டு 22.04, பைத்தான் 3.10.

வெயிட்ஸ்_ஒன்லிக்கு ஃபால்ஸ் போடச் சொல்லாதீர்கள். பிக்கிள் வெறும் தரவு இல்லை, கட்டளை வரிசை. அதில் ரெட்யூஸ் வந்தால் சொன்ன ஃபங்ஷனை அழைத்துவிடும். 2.5.1க்கு இறங்கவும் முடியாது: அதில் ட்ரூ வைத்தாலும் ஓட்டைதான் (பதிவான பாதுகாப்புக் குறை சிவிஇ-2025-32434). டாக்கருக்குள் (தனிமைப்படுத்திய சூழலில்) திறப்பதற்கும் செக்யூரிட்டி டீம் அனுமதி தரவில்லை.

அனுமதிப் பட்டியலில் சேர்க்கும் ஆட்_சேஃப்_குளோபல்ஸில் கிளாஸ்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துப் பார்த்தேன். கடைசியில் பில்ட்இன்ஸ்.கெட்ஆட்டர் (பெயர் சொன்னால் ஒரு பொருளுக்குள் இருக்கும் எதையும் எடுத்துத் தரும் ஃபங்ஷன்) கேட்கிறது. அதை விட்டால் பூட்டிவிட்டுச் சாவியை வாசலில் மாட்டியது போலத்தான். பிறகு ஜிப்பைப் பிரித்து, உள்ளே இருந்த பிக்கிளான டேட்டா.பிகேஎல்லை, ஓட்டாமலே கட்டளைகளைக் காட்டும் பிக்கிள்டூல்ஸில் வரிவரியாகப் பார்த்தேன். கணினிக் கட்டளைகளை ஓட்டக்கூடிய ஓஎஸ், சப்ப்ராசஸ் எதுவும் தென்படவில்லை. இப்போது பிக்கிளைத் திறக்கும் அன்பிக்லரை நீட்டித்து, கிளாஸைப் பெயரால் தேடும் ஃபைண்ட்_கிளாஸில் டென்சரை (எண்களின் அணியை) கட்டும் ஃபங்ஷன், ஸ்டோரேஜ் வகைகள், ஆர்டர்ட்டிக்ட் தவிர மற்ற எல்லாவற்றுக்கும் வெற்று கிளாஸைத் திருப்புகிறேன். டிக்ட்டிலிருந்து வந்த கான்ஃபிக் கிளாஸில் ‘ஐட்டம் அசைன்மென்ட்’ டைப்எரர் வந்து நிற்கிறது.

இந்த வெற்று கிளாஸையே டிக்ட்டிலிருந்து உருவாக்கினால், கோடு ஓட வேறு ஏதாவது வழி திறக்குமா?