அவரையில் அசுவினி: சிர்பிட் ஈக்களை மாடித்தோட்டத்தில் நிலைக்கச் செய்வது எப்படி?

கேள்வி: மதுரை மாடித்தோட்டம்

அனைவருக்கும் வணக்கம். ஆடிப்பட்டத்தில் விதைத்த மூன்று அவரைக் கொடிகளும் பந்தலேறிக் கார்த்திகையில் பூக்கத் தொடங்கின. பூங்கொத்து நீண்ட ஒரு வாரத்துக்குள் சாறு உறிஞ்சும் சிறு பூச்சியான கருப்பு அசுவினி காம்பே தெரியாத அளவுக்கு அப்பிக்கொண்டது. நான்கு நாளுக்கொரு முறை வேப்பெண்ணெய்க் கரைசல் தெளித்தும், குறைவது போலக் குறைந்து மறுபடியும் ஏறிவிடுகிறது.

நேற்று ஒரு பூங்கொத்தைத் திருப்பிப் பார்த்தபோது, அசுவினிக் கூட்டத்தின் நடுவே கால்களே இல்லாத வெளிர்பச்சைப் புழு ஒன்று, தலைப்பக்கம் கூம்பி, ஓர் அசுவினியைக் கவ்வித் தூக்கிப் பிடித்திருந்தது. சிறிது நேரத்தில் வெறும் தோலைக் கீழே போட்டுவிட்டு அடுத்ததைத் தேடித் தலையை இடமும் வலமும் ஆட்டியது. இதே போன்ற புழுக்களைக் காய்ப்புழு என்று எண்ணிப் பத்துப் பதினைந்தையாவது நான் நசுக்கியிருக்கிறேன் என்பதை நினைத்தால் மனம் கஷ்டப்படுகிறது. அது எந்தப் பூச்சியின் புழு? இவை தங்குவதற்கு என்ன நட வேண்டும்? டிரைக்கோகிரம்மா முட்டை அட்டை வாங்கிக் கட்டினால் அசுவினி குறையுமா?

பதில்: கோவை, வேளாண் விரிவாக்கப் பணியில் இருந்தவர்

நீங்கள் பார்த்தது சிர்பிட் ஈயின் புழு. தாய் ஈ மஞ்சளும் கருப்புமாக வரியோடிச் சிறு தேனீயைப் போலத் தோன்றும்; ஆனால் அதற்கு இரண்டே இறக்கைகள், கொட்டத் தெரியாது, பூவுக்கு முன்னால் அந்தரத்தில் அசையாமல் நின்று சட்டென்று பக்கவாட்டில் நகரும். அது உண்பது தேனும் மகரந்தமும் மட்டுமே. முட்டையை மட்டும் அசுவினி இருக்கும் இடமாகப் பார்த்து, அரிசிக் குறுநொய் போல வெள்ளையாக, ஒவ்வொன்றாக இடும். அதிலிருந்து வரும் புழு, கூட்டுப்புழுவாக மாறுவதற்குள் நூற்றுக்கணக்கான அசுவினிகளைத் தின்றுவிடும். கூட்டுப்புழு நீர்த்துளி வடிவில் இலையிலோ தொட்டியின் விளிம்பிலோ ஒட்டிக்கொண்டிருக்கும்; அதைச் சுரண்டி எறிந்துவிடாதீர்கள்.

முதலில் வேப்பெண்ணெயை நிறுத்துங்கள். இயற்கையானது என்பதற்காக அது ஆளைப் பார்த்துத் தாக்குவதில்லை. மென்மையான உடலுள்ள இந்தப் புழுக்களையும் அது பாதிக்கும். அசுவினி மிகுந்த கொத்துகளில், புழு இல்லை என்று உறுதி செய்துகொண்டு, தண்ணீரை வேகமாகப் பீய்ச்சிக் கழுவினால் போதும். அடுத்து எறும்புகளைக் கவனியுங்கள். அசுவினி கழிக்கும் இனிப்பு நீருக்காக அவை காவல் நின்று, முட்டையிட வரும் பூச்சிகளை விரட்டும். பந்தல் கால்களின் அடியைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தி அவற்றின் வழியை அடைத்துவிடலாம்.

பூக்களைப் பொறுத்தவரை, இந்த ஈக்களின் வாய் குட்டையானது என்பதால், ஆழமான குழல் கொண்ட செம்பருத்தி போன்றவை அவற்றுக்கு அவ்வளவாகப் பயன்படுவதில்லை. கொத்தமல்லி, சோம்பு, கடுகு ஆகியவற்றின் திறந்த சிறு பூக்களே ஏற்றவை. சமையலுக்குக் கிள்ளியதுபோக ஒரு தொட்டிக் கொத்தமல்லியையாவது பூக்க விடுங்கள். இரண்டு மூன்று வாரத்துக்கொரு முறை புதிதாக ஒரு தொட்டி விதைத்தால் பூ அற்றுப்போகாது. அசுவினி வந்த பிறகு விதைப்பதில் பயனில்லை, அவரை பூக்கும்போது கொத்தமல்லியும் பூத்திருக்க வேண்டும்.

டிரைக்கோகிரம்மா, அந்துப்பூச்சிகளின் முட்டைக்குள் முட்டையிடும் ஒட்டுண்ணிக் குளவி. காய்ப்புழுவுக்கு உதவும், அசுவினியைத் தொடாது.

பதில்: திருப்பூர் பக்கம், விவசாயக் குடும்பம்

ஐயா சொன்னதோடு ஒன்றைச் சேர்க்க விரும்புகிறேன். 2008-இல் கோவைப் பகுதியில் தென்பட்ட பப்பாளி மாவுப்பூச்சி, பப்பாளி, மரவள்ளி, மல்பெரி என்று எல்லாவற்றையும் வெள்ளையடித்தது. மருந்து அடித்து ஓய்ந்தவர்கள் ஏராளம். 2010-இல் போர்ட்டோ ரிக்கோவிலிருந்து வரவழைத்து விடப்பட்ட அசிரோஃபேகஸ் பப்பாயே என்னும் கண்ணுக்கு எளிதில் புலப்படாத குளவிதான் அதை அடக்கியது. அது பெருகுவதற்கு, தோட்டத்தில் மருந்து அடிக்காமல் காத்திருக்க வேண்டியிருந்தது.

அசுவினியைத் தின்னும் பொறிவண்டு விஷயத்திலும், புழுவைக் கண்டதும் நசுக்க அவசரப்படாதீர்கள், அம்மா. அதன் புழு கருப்பாக, ஆரஞ்சுப் புள்ளிகளுடன், குட்டி முதலை போல இருக்கும். மாவுப்பூச்சி தின்னும் கிரிப்டோலேமஸ் வண்டின் புழுவோ உடல் முழுதும் வெள்ளை மெழுகு பூசி மாவுப்பூச்சியாகவே தோன்றும். வேகமாக ஊர்வதைக் கொண்டே அதைப் பிரித்தறிய வேண்டும். அதே சமயம் கத்தரி இலையைச் சல்லடையாக்கும், 28 புள்ளிகளும் மங்கிய நிறமும் கொண்ட எபிலாக்னா வண்டு நண்பனல்ல. அதைப் பொறுக்கி எடுத்துவிடலாம்.

மதுரை மாடித்தோட்டம் (18 நாட்களுக்குப் பின்)

ஐயாவுக்கும் திருப்பூர் உறவுக்கும் நன்றி. தெளிப்பதை நிறுத்திய முதல் வாரம் அசுவினி கூடியது, கை பதறியது. பொறுத்திருந்தேன். இரண்டாம் வாரத்தில் ஒரு கொத்தில் மட்டும் நான்கு சிர்பிட் புழுக்களை எண்ணினேன். சில அசுவினிகள் பழுப்பேறி உப்பி, முதுகில் வட்ட ஓட்டையுடன் காய்ந்து கிடக்கின்றன, அது என்ன?

கோவை

அசுவினிக்குள் வளர்ந்த ஒட்டுண்ணிக் குளவி, முதுகைத் துளைத்துக்கொண்டு வெளியேறிய ஓட்டை அது, அம்மா. ஓட்டை விழாமல் உப்பியிருப்பவற்றுக்குள் குளவி இன்னும் இருக்கும் என்பதால், அந்தக் கொத்துகளில் தண்ணீர் பீய்ச்ச வேண்டாம்.

மதுரை மாடித்தோட்டம்

சரி, ஐயா. மூன்றாவது கொடியில் அசுவினி இன்னும் இருக்கிறது. மற்ற இரண்டிலும் பிஞ்சு பிடித்துவிட்டது. கொத்தமல்லித் தொட்டியின் விளிம்பில் நீர்த்துளி போன்ற கூடு ஒன்று ஒட்டியிருக்கிறது. வீட்டில் யாரும் அந்தத் தொட்டியை நகர்த்த வேண்டாம் என்று சொல்லிவைத்திருக்கிறேன்.