நீல் கௌ இரண்டாம் மனைவிக்காக அமைத்த இரங்கல் மெட்டு: பின்னணி என்ன?

வயலின் மாணவி:
ஸ்காட்லாந்து வயலின் கலைஞர் நீல் கௌவின் இந்த மெட்டை வாசிக்கப் பழகுகிறேன். இரங்கல் என்கிறார்கள், ஸ்வரங்களோ நம் சங்கராபரண ராகம். அழுகையே இல்லையே, ஏன்?

பழைய வில்:
அழுது புலம்ப அவர் என்ன சின்னப் பிள்ளையா? மனைவி மார்கரெட் உர்குஹார்ட் 1805-இல் இறந்தபோது கௌவுக்கு வயது 78. 1768-இல் மணந்தவர்கள், 37 ஆண்டு இல்லறம். பெர்த்ஷயரில் டன்கெல்டுக்கு அருகே இன்வர் என்ற சிற்றூரில் குடியிருந்தார். அத்தோல் பிரபுக்களின் ஆதரவு பெற்றவர். ஊரெல்லாம் ஆடவைத்த நடன இசைக்காரர் அவர். வில்லை மேல்நோக்கித் தள்ளும்போதும் அவருக்கு விசை குறையாது என்பார்கள். பெரும்பாலானோருக்கு அந்த இடத்தில்தான் ஒலி மெலியும். அந்தக் கை மெதுவாக வாசித்தால் எப்படி இருக்கும் என்று நினைத்துப் பாருங்கள்! என் காதுக்கு இதில் கேட்பது துயரத்தைவிட நன்றி.

வயலின் மாணவி:
அப்படியானால் எப்படி வாசிப்பது, ஐயா?

பழைய வில்:
அவசரப்படாதீர்கள், இழுத்து இழுத்து உருகவும் வேண்டாம். ஸ்வரங்களை அசைத்துக் கமகம் சேர்க்கும் ஆசையை அடக்குங்கள். இரண்டாம் பகுதியில் மெட்டு மேலே ஏறும். அங்கே வில்லைத் தாராளமாகச் செலவழியுங்கள்.

ஏட்டுப்பிரியன்:
ஒரு சேர்க்கை: கௌ 1807-இல் காலமானார். மெட்டு அச்சானது 1809-இல், மகன் நத்தானியேல் வெளியிட்ட ஐந்தாம் தொகுப்பில். ஓவியர் ரேபர்ன் தீட்டிய அவருடைய ஓவியத்தையும் பாருங்கள். கட்டம் போட்ட அரைக்காற்சட்டையுடன் உட்கார்ந்து வாசிக்கிறார்.