உதகையின் குற்ற வரைபடம்: எந்த எண்ணால் வகுப்பது?

குன்னூர் மாணவி: உதகையில் பதிவாகும் திருட்டு வழக்குகளை 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வார்டு விவரங்களோடு இணைத்து, க்யூஜிஐஎஸ் மென்பொருளில் வரைபடமாக்கி வருகிறேன். காவல் நிலைய எல்லைகள் வார்டு எல்லைகளோடு பொருந்தவில்லை. சேரிங் கிராஸ் பகுதி எப்படிக் கணக்கிட்டாலும், திருட்டு விகிதம் மிக அதிகம் என்று காட்டும் அடர்சிவப்பாகவே தெரிகிறது. இதை எப்படிச் சரிசெய்வது?

உதகைவாசி: சிக்கல், திருட்டு விகிதம் காண வழக்குகளை வகுக்கும் எண்ணில் இருக்கிறது. 2011இல் நகரின் மக்கள்தொகை 88,430. அது குடியிருப்போர் கணக்கு மட்டுமே. கோடை சீசனில் பூங்காவிலும் ஏரிக்கரையிலும் நெருக்கியடிக்கும் பயணிகள் அதில் இல்லை என்பதால், பணப்பைத் திருட்டைக் குடியிருப்போர் எண்ணிக்கையால் வகுத்தால் கடைவீதி வார்டுகள் வீண்பழி சுமக்கும். வீடு புகுந்த திருட்டை வீடுகளின் எண்ணிக்கையாலும், வாகனத் திருட்டை நிறுத்தப்படும் வண்டிகளின் எண்ணிக்கையாலும் வகுத்துப் பாருங்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்படி 2024 மே 7 முதல் நடைமுறைக்கு வந்த, வெளியூர் வாகனங்களுக்கான இ-பாஸ் பதிவுகள் கிடைத்தால், பயணிகள் வரத்தை ஓரளவு மதிப்பிடலாம். எல்லைகளைப் பொறுத்தவரை, வார்டு விவரங்களைக் காவல் நிலைய அளவுக்குத் தொகுப்பதே நேர்மையானது. வழக்குகளை வார்டுகளுக்குப் பங்கிடுவது ஊகம்தான்.

கொடைக்கானல்காரர்: மேற்சொன்னதை ஏற்கிறேன், இங்கும் அதே நிலைதான். ஆனால், தோட்டத் தொழிலாளர்களோ இலங்கையிலிருந்து தாயகம் திரும்பியோரோ மிகுதியாக வாழும் வார்டில் வழக்குகள் கூடுதலாக இருப்பதால் அவர்களே குற்றம் செய்கிறார்கள் என்று முடிவுகட்ட முடியாது. வட்டாரச் சராசரி தனிமனிதரைப் பற்றி எதையும் நிறுவாது என்பதைச் சமூகவியலாளர் ராபின்சன் 1950லேயே காட்டிவிட்டார். அங்கே பறிகொடுத்தவர்களும் அவர்களாகவே இருக்கலாம். ரோந்து அதிகமுள்ள இடத்தில் வழக்குகளும் அதிகமாகப் பதிவாகலாம். பறிகொடுத்தவர் யாரென்று தெரிந்துவிடாதபடி, திருட்டு நடந்த இடங்களைக் குறிக்கும் புள்ளிகளை வீட்டு வாசல்வரை துல்லியமாக வைக்காமல், தெரு அளவில் நிறுத்துங்கள்.