புதுப்பிப்பு: சிறிய டிராக்டரின் பின்சக்கர டிஸ்க்கில் விரிசல் – காரணம் தெரிந்துவிட்டது

நெல்லிக்குப்பத்தில் கரும்பு ஏற்றும் என் டிராக்டரின் வலது பின்சக்கர டிஸ்க் (சக்கரத்தின் நடுவில் போல்ட் போட்டு மாட்டும் இரும்புத் தட்டு), போல்ட் துளைகளைச் சுற்றி ஏன் விரிகிறது என்று கேட்டிருந்தேன். யோசனை சொன்ன அனைவருக்கும் நன்றி. மண்ணெண்ணெய்ச் சோதனையைச் சொன்ன அண்ணனுக்குத் தனி நன்றி; அதுதான் கைகொடுத்தது.

டிஸ்க்கைக் கழற்றித் துருவைச் சுரண்டி, மண்ணெண்ணெய் தடவி ஊறவிட்டு, நன்றாகத் துடைத்துச் சாக்பீஸ் பொடி தூவினோம். விரிசலுக்குள் இறங்கிய மண்ணெண்ணெய் பொடியில் ஊறி, துளைக்குத் துளை மயிரிழையாக ஈரக்கோடு எழுந்தது. நல்லது என்று நம்பியிருந்த இடது சக்கரத்திலும் அதே கோடு! இதை எதிர்பார்க்கவே இல்லை.

ஹப்பில் (அச்சு முனையில் சக்கரத்தை மாட்டும் பாகம்) டிஸ்க் பதியும் முகத்தில் பெயிண்ட் தடித்திருந்தது. அது நசுங்க நசுங்க நட்டு தளர்ந்து, டிஸ்க் அசைந்து விரிந்திருக்கிறது. வெல்டிங் வைக்காமல் இரண்டையும் மாற்றிவிட்டேன். முகத்தை இரும்பு தெரியச் சுத்தம் செய்து, நட்டுகளை எதிரெதிராக, டார்க் ரெஞ்சால் (முடுக்கும் விசையை அளந்து காட்டும் ஸ்பேனர்) கையேட்டில் உள்ள அளவுக்கு முடுக்கினோம். சில மணி நேர ஓட்டத்துக்குப் பின் மறுபடி முடுக்குவது கட்டாயம். நட்டைச் சுற்றித் துருப்பொடி தெரிந்தால் வண்டியை உடனே நிறுத்திப் பாருங்கள்.